கடன் இல்லாத பணிவிடை

விவாகரத்தாகி இருபது வருஷத்துக்கு மேலான மனிதரை என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. "தாலியைக் கழற்றினாலும் பந்தம் விடுமா டீச்சர்?" என்கிறார்கள் குளாய்க் கோயிலில் பார்க்கும் அக்காமார்கள். போன ஜென்மத்துக் கடன் என்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

பந்தம் விடும். பெரியபுராணத்திலேயே விட்டிருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனி அதிசயத்தைக் கண்டு பயந்த அவர் கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். உறவினர்கள் அம்மையாரை அங்கே அழைத்துப்போனால், குடும்பத்தோடு காலில் விழுகிறான். காரைக்கால் அம்மையார் சண்டை போடவில்லை. அவனுக்காகச் சுமந்த உடம்பின் அழகு இனி எதற்கு என்று சிவனிடம் கேட்டு உதறிவிட்டுக் கயிலைக்குக் கிளம்பிவிடுகிறார். மனைவி வேலை முடிந்தது என்று சொன்ன அந்தப் பெண்ணைத்தான் அறுபத்துமூவரில் ஒருவராகக் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு வந்து என்னிடம் பந்தம் பேசுகிறோம்.

பூர்வஜென்மக் கணக்கு இன்னும் மோசம். நான் பார்த்துக்கொள்வது கடன் என்றால், அவர் என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு இன்னொரு குடித்தனம் வைத்ததும் கடன் வசூல்தானே? யாருமே தப்புச் செய்யவில்லை என்றாகிவிடும். அந்தப் பேரேட்டில் எப்போதும் பெண்தான் கடன்காரி.

சட்டம் இவ்வளவு தூரம் போவதில்லை. 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நம் மலேசியத் திருமணச் சட்டப்படி, நோயில் விழுந்து சம்பாதிக்க முடியாத முன்னாள் கணவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்கும்படி கோர்ட்டு ஒரு பெண்ணுக்கு உத்தரவிடலாம். பணம், அவ்வளவுதான். முதுகு துடைத்துவிடச் சொல்லி யாரும் உத்தரவு போட முடியாது.

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கைக்குக் கடைசி முறை. தாதி சொல்லிக்கொடுத்தது. மைலோவைக் கெட்டியாகக் கலக்கி, தாடையைக் கீழே தாழ்த்தச் சொல்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறேன், அவசரப்பட்டால் புரையேறும். இதைச் செய்கிறபோது எனக்குள் மன்னிப்பு ஒன்றும் சுரப்பதில்லை. சில நாள் கோபம்கூட வருகிறது. கை பாட்டுக்கு வேலை செய்கிறது.

அமெரிக்காவில் தெரசா கூனி என்ற சமூகவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், முன்னாள் கணவர்களைப் பராமரிக்கும் பெண்களைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் இடம் எது, எதுவரை பேசலாம் என்று தெரியாத தடுமாற்றம்தான் அதன் மையம். எனக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'வாரிஸ்' (நெருங்கிய உறவினர்) என்ற இடத்தில் மகன் பெயர்தான் இருக்கிறது. நான் யார் என்று கேட்டால் "வீட்டு ஆள்" என்பேன்.

மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வே நெரிசலுக்குள் நுழைகிறவன். நான் பார்க்காவிட்டால் அவன் வேலையை விட வேண்டும். ஆகவே என் பணிவிடையில் பாதி தாய்ப்பாசம். அதைத் தர்மம் என்று பெரிதாக்கிக்கொள்ள மாட்டேன். அவனுக்கும் கடமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. காஸ்வேக்கு அந்தப் பக்கம் 1995இல் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில்கூட, பிள்ளையைக் கைவிட்ட தகப்பன் வந்து கேட்டால் தீர்ப்பாயம் மறுக்கலாம்.

மீதிப் பாதி? யாரும் கேட்க உரிமை இல்லாததால் செய்கிறேன். நாளைக்கே நிறுத்தலாம் என்கிற நிலையில் செய்வது மட்டும்தான் என்னுடையது. அதற்குப் 'பதிவிரதை' என்று பட்டம் கட்டினால், என் கையிலிருப்பதைப் பிடுங்கி அவர் கணக்கில் வைக்கிறார்கள். போதாததற்கு, அடுத்த தெருவில் அடி வாங்கிப் பிரிந்து வந்தவளிடம் போய் "டீச்சரைப் பார்" என்பார்கள். அவள் செய்யக் கூடாது என்றே நான் சொல்வேன்.

போன மாதம் மகனையும் மருமகளையும் உட்காரவைத்து, நான் படுத்துவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், இந்தப் பெண் தலையில் கட்டாதீர்கள் என்று சொன்னேன். மருமகள் பேசாமல் இருந்தாள். மகன்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "நம்ம ஆளுங்க என்னம்மா சொல்வாங்க?" என்றான். இல்லத்துக்கு மாசம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.