யாரை வைத்து யாரை அளப்பது?

செங்கம் ரோட்டில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு ஒருநாள் காதில் விழும். "வெள்ளக்காரன் வந்தான், ஊரு பொழச்சிது. சிலோன்காரன் வந்தான், ஊரத் துன்றான்." சொல்கிறவர் பெரும்பாலும் ஆசிரமத்துப் பக்கம் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவராக இருப்பார். அவர் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதே பேச்சு எங்கள் சேரியிலும் இருக்கிறது என்பதும், ஒருநாள் நானே அதற்குத் தலையாட்டினேன் என்பதும்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

என் அம்மா பதினேழு வருஷமாக வெளிநாட்டார் தங்கும் வீடுகளில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவுகிறாள். ஒருமுறை அப்படி ஒரு வீடு காலியானபோது, அடுத்து வருகிறவருக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் அகதி முகாம்காரர். வீட்டுக்காரர் வந்து, "கேம்ப்பா நீ?" என்று கேட்டுவிட்டு, பேசிய கூலியில் நூறு ரூபாயைக் குறைத்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: "அவனுக்கு இன்னா, மாசம் பொறந்தா கவர்மென்டு காசு வந்துடுது. நமக்கு யாரு குடுக்கறா?" நான், கூட்டம் கூட்டமாய்ப் போய்ச் சமத்துவம் பேசுகிறவன், "ஆமாம்மா" என்றேன்.

அந்த 'ஆமாம்' என்னைத் தூங்கவிடவில்லை. நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்ட வீட்டுக்காரர்மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. நூறு ரூபாய் பறிபோனவன்மேல் வந்தது. இது எப்படி நடக்கிறது?

*

மலையைச் சுற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு வகையாக இருக்கிறார்கள். ஒரு வகை, ரமணரைத் தேடி வந்தவர்கள். ரமணரே வெளியூர்க்காரர்தான். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, வீட்டில் சொல்லாமல் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன். பால் பிரண்டன் என்கிற இங்கிலாந்துக்காரர் எழுதிய புத்தகம் 1934இல் வெளிவந்த பிறகு ஐரோப்பியர் வரத் தொடங்கினார்கள். 1950இல் ரமணர் இறந்த பிறகும் வரத்து நிற்கவில்லை. இன்று ஜெர்மனிக்காரர், பிரெஞ்சுக்காரர், இஸ்ரேல்காரர், ரஷ்யாக்காரர் என்று பல தேசத்தார் வருகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் கூட்டம் தாங்காது. சித்திரை வெயில் ஏறினால் இமயமலைப் பக்கம் போய்விடுவார்கள், இல்லை சொந்த ஊர் திரும்பிவிடுவார்கள்.

இன்னொரு வகை, 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்த ஈழத்துச் சனங்கள். கிரிவலப் பாதையை ஒட்டி அடிஅண்ணாமலைப் பக்கமும் அவர்களுக்கு ஒரு முகாம் உண்டு. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானவர் அந்த வழியே நடக்கிறார்கள். எத்தனை பேருக்கு அது தெரியும்? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34,087 பேர். அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. மாத உதவித்தொகை உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. என் அம்மா சொன்ன 'கவர்மென்டு காசு' இதுதான். நாளைக்கு ஐம்பது ரூபாய்.

இப்போது டீக்கடைத் தராசை எடுத்துக்கொள்வோம். 'வெள்ளைக்காரன் ஊருக்குக் கொடுக்கிறான், சிலோன்காரன் ஊரிலிருந்து எடுக்கிறான்.' சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே கூலிக்கு வேலை செய்ய முடியாது, சட்டம் விடாது. அவர் சம்பாதித்தது வேறு தேசத்தில். அங்கத்துப் பணத்துக்கு இங்கே இருக்கும் மதிப்பில் அவர் வாழ்கிறார். அவருடைய வாடகை நிலம் வைத்திருப்பவர் கைக்குப் போகிறது. பெருக்குகிற கூலி எங்கம்மா கைக்கு வருகிறது. 'ஊர் பிழைத்தது' என்கிற வாக்கியத்தில் 'ஊர்' என்பது ஊர்தான், சேரி அல்ல. மலையடிவாரத்தில் சென்ட் விலை ஏறியபோது விற்கவும் வாடகைக்கு விடவும் யாரிடம் நிலம் இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

முகாம்காரர் என்ன எடுத்தார்? முகாம் ஆண்களில் ரொம்பப் பேர் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். உயரத்தில் கயிற்றில் தொங்குகிற வேலை. வெளியூரில் வேலை கிடைத்தாலும் கணக்கெடுப்பு நாளுக்கு முகாமில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பேர் அடிபடும். அரசு வேலை கிடையாது. ஓட்டு கிடையாது. ஒருவர் காலைக் கட்டிவிட்டு, இன்னொருவருக்கு வாகனம் கொடுத்துவிட்டு, 'பார், அவன் எவ்வளவு தூரம் போயிட்டான்' என்று சொல்வது ஒப்பீடு ஆகுமா?

*

இந்த விளையாட்டு நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவிலும் குடியேறிய சனங்களை ஒருவரோடு ஒருவர் நிறுத்தி அளக்கிறார்கள். 'வியட்நாம்காரன் படகில் வெறுங்கையோடு வந்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான், முன்னேறினான். நீ ஏன் முன்னேறவில்லை?' என்பது கறுப்பு மக்களைப் பார்த்துச் சொல்லப்படுவது. வெறுங்கை என்பது பாதி உண்மை. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது முதலில் போனவர்களில் படித்தவர்கள், அதிகாரிகள் நிறைய. அவர்களைக் குடியமர்த்த அந்த ஆண்டே தனிச் சட்டம் போட்டு அரசு பணம் ஒதுக்கியது. பிறகு படகில் போன மீனவர்களும் விவசாயிகளும் அவ்வளவு சுலபமாக மேலே வரவில்லை. ஒரே சனத்துக்குள்ளேயே இப்படி.

அவர்களுக்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போலந்து, ஸ்லோவாக்கியாப் பக்கத்து ஸ்லாவ் மக்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் போனார்கள். மட்டமான இனம் என்று அவர்களைத் திட்டினார்கள். கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் வரவைக் குறைக்கவே 1924இல் ஒரு சட்டம் வந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே வெறும் 'வெள்ளையர்'. அவர்கள் குணம் மாறிவிட்டதா? அவர்களை வைத்த படி மாறியது. குடியுரிமை, சங்கம், வீடு, நிறம் எல்லாம் சேர்ந்து மாற்றியது. ஆக, ஒரு சனம் 'முன்னேறியது' என்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கதவை யார் திறந்துவிட்டார்கள் என்பது.

நம் அரசு எந்தக் கதவைத் திறந்தது? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறப்பாலேயே குடிமகன். அதற்கு மறுநாள் அதே முகாமில் பிறந்து, தாய் தகப்பன் இருவருமே அகதியாக இருந்தால், பிள்ளையும் அகதி. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில், பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் 'உன்னை ஜெயிலில் போடமாட்டோம்' என்பது 'நீ எங்கள் ஆள்' என்று சொல்வதாகாது.

*

சில மாதம் கழித்து, திங்கட்கிழமை மனு நாளில் அந்தப் பெயின்ட்காரர் என்னைத் தேடி வந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கம். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், சாதிச் சான்று வேண்டும் என்றார். எந்த அலுவலகத்தில் கேட்டாலும், இந்தியக் குடிமகன் என்பதற்கு முதலில் அத்தாட்சி காட்டு என்கிறார்களாம். "என்ன சாதி?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். நம் ஆள்.

"எங்க தாத்தா போளூர்ப் பக்கமுங்க தம்பி. கங்காணிகூடப் போனவரு. நாங்க தோட்டத்து ஆளுங்க. எழுபத்தேழு கலவரத்துல தோட்டத்த விட்டு வவுனியா வந்தோம். அங்கருந்து தொண்ணூறுல இங்க."

நான் எம்.ஏ. படித்தவன். மலையகத் தமிழர் வரலாறு எனக்குத் தெரியாததல்ல. பஞ்சத்திலும் பண்ணை அடிமைத்தனத்திலும் இருந்து தப்பிக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களை அடைத்து வைத்துச் சோதித்துக் கப்பலேற்றிய இடம் மண்டபம் முகாம். பேரப்பிள்ளைகள் அகதியாகத் திரும்பி வந்தபோது இறக்கி வைத்ததும் அதே மண்டபம் முகாம்தான். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஐந்தேகால் லட்சம் உனக்கு, மூன்று லட்சம் எனக்கு என்று ஆடு மாடு பாகம் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே அவர்கள் 'இந்தியத் தமிழர்', இங்கே 'சிலோன்காரர்'.

2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இப்படித் தோட்டத்து வம்சாவளியில் வந்த 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. ஒரு மாவட்டம், இரண்டு மாவட்டம் என்று மனுப் போட்டு வழக்காடித்தான் இதை நகர்த்த வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் படித்திருந்தும் 'சிலோன்காரன்' என்ற ஒரு சொல்லில் என் சொந்தச் சேரியாளை நான் பார்க்காமல் விட்டேன். அவர் நம் ஆளாக இல்லாமல் இருந்திருந்தால் மட்டும் என் 'ஆமாம்' சரியாகிவிடுமா என்றால், ஆகாது. கரையாராகவோ வெள்ளாளராகவோ இருந்திருந்தாலும் அந்த நூறு ரூபாய் அவருடைய நூறு ரூபாய்தான். உறவு தெரிந்த பிறகு வருகிற நீதி பாதி நீதி.

*

இன்னொரு தராசும் இங்கே தொங்குகிறது. நான் டவுனில் வீடு தேடியபோது ஒருவர் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சைவம் சாப்பிடறவங்களுக்குத்தான் விடறது" என்றார். அதே மாடியில் அடுத்த மாதம் ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தார். அவர் தன் ஊரில் என்ன சாப்பிடுவார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாதா? பெரிய கோயிலுக்குள் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் போகிறார், வருகிறார். போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அந்த ஊர்த் தலித் மக்கள் 2023 ஜனவரி 30ஆம் தேதிதான், கலெக்டரும் போலீசும் கூடவர, முதன்முதலாகக் கால்வைத்தார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வந்து 75 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடல் தாண்டி வந்தவன் அந்நியன் இல்லை, தெரு தாண்டி வந்தவன் அந்நியன்.

வெள்ளைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் ஒரு ஜெர்மன் கிழவி. பணம் தீர்ந்து, விசா முடிந்து, தனியாகக் கிடந்து அல்லாடுகிற வெளிநாட்டாரையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதையைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த மரியாதை எதைப் பார்த்து வருகிறது என்று கேட்கிறேன்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "பட்டினி கெடக்கறவன்கிட்ட போயி, பக்கத்துப் பட்டினிக்காரனுக்கு எரக்கப்படுன்னு சொல்றது நியாயமா தோழர்?" நியாயமான கேள்வி. தலித்துக்கு மட்டும் ஏன் கூடுதல் தர்மம்? நான் இரக்கத்தைக் கேட்கவில்லை. அம்பேத்கர் காட்டிய படிநிலைச் சமத்துவமின்மையில் ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் கீழே பார்க்க ஒருவன் கொடுக்கப்படுகிறான். கடைசிப் படியில் நின்ற நமக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. முகாம் வந்ததும் கிடைத்துவிட்டான். "ஆமாம்மா" என்று நான் சொன்னபோது ஒரு படி மேலே ஏறியதுபோல இருந்தது. உண்மையில் ஏறவில்லை. வீட்டுக்காரர் என் அம்மாவுக்கும் கூலி உயர்த்தவில்லை. முகாம் ஆள் குறைந்த கூலிக்கு வருவான் என்பதைக் காட்டியே நாளைக்கு நம் பெயின்ட்காரன் கூலியையும் குறைப்பார். இரண்டு பேரையும் ஒருவனை வைத்து ஒருவனை அளக்க விடுகிறவரைக்கும் தராசு அவர் கையில்தான்.

அளக்க வேண்டுமென்றால் ஒரே அளவுகோல் போதும். இந்த மண்ணில் இருக்கிற ஒருவர், தலைகுனியாமல் கூலி கேட்க முடிகிறதா, பிள்ளையைப் படிக்க வைக்க முடிகிறதா, நாளைக்கும் இங்கேயே இருப்போம் என்று நம்பித் தூங்க முடிகிறதா? வெள்ளைக்காரருக்கும் முகாம்காரருக்கும் எங்கம்மாவுக்கும் இதே கேள்விதான்.

மனுவை எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. நூறு ரூபாய் பாக்கியையும் போய்க் கேட்டோம், சங்கத்தார் நாலு பேர் சேர்ந்து. வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அன்று ராத்திரி அம்மாவிடம் பெயின்ட்காரரின் தாத்தா கதையைச் சொன்னேன். அவள் பிறந்ததும் போளூர்ப் பக்கம்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"எந்தச் சேரின்னு கேட்டியாடா?"

கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுக்கினு வா. எங்க பாட்டிகூடப் பொறந்தவரு ஒருத்தரு கண்டிக்குப் போனாரு, திரும்பவே இல்லன்னு சொல்லுவாங்க."