பல் ஆடுவதற்கு எது காரணம்?

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, முரசு வீங்கிப் பல் ஆடத் தொடங்கியவர் முதலில் கேட்பது "இது எதால வந்தது?" என்பதே. பல்லில் படியும் அழுக்கு என்பார் ஒரு வைத்தியர். கடி பிழை, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்பார் இன்னொருவர். இருவரும் 'காரணம்' என்பதை ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொள்வதால்தான் இந்த வழக்குத் தீர்வதில்லை. சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கிறது: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இறைவனை நிறுவ எழுந்த வாதத்தைப் பல்லழுக்குக்கு இறக்குவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் குடமும் கோயிற்பொருள் அல்லவே. என் கட்சி இதுதான்: முரசு நோயில் பல்லழுக்கான கிருமிப்படலம் குயவன், கடிப்பிழை சக்கரம், உடலின் இயல்பு மண்.

1970களில் சுவீடனில் லிண்டே குழு நாய்களிலும், அமெரிக்காவில் போல்சன் குழு குரங்குகளிலும் பற்களை மாறிமாறி அசைத்துப் பார்த்தன. முரசில் அழற்சி இல்லாதபோது பல் ஆடியது, எலும்பும் சற்றுக் குறைந்தது. ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் இழைப்பற்று அறவில்லை. அழற்சியும் அசைவும் சேர்ந்தால் பற்றிழப்புக் கூடுமா என்பதில்தான் அக்குழுக்கள் முரண்பட்டன. குயவன் இல்லாத சக்கரம் சுழலும்; குடம் வராது. மண்ணின் பங்கைக் காட்டியது இலங்கையே. ஹரல்ட் லோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1970 முதல் 1985 வரை 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்து வந்தனர். பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் இல்லாத அவர்களின் வாய்களில் அழுக்கும் காரையும் நிறைந்திருந்தன. ஆயினும் 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்தது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக நகர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு முரசழற்சிக்கு மேல் போகவேயில்லை. (வைத்தியம் எட்டாத மனிதரிடமிருந்து உலகம் கற்ற பாடம் இது என்பதையும் மறக்கலாகாது.) இந்த வேறுபாட்டை விதி என்று சொல்லிக் கைகழுவுவதும் பொருந்தாது. மண் வேறுபட்டதே ஒழிய, வேலை செய்த கை ஒன்றுதான்.

துணைக்காரணம் என்பது நழுவல் பேச்சு, கடி நோயை உண்டாக்காவிட்டால் அதைத் திருத்துவானேன் என்று கேட்கலாம். துணை என்பதற்காக அது வெறுமையாகிவிடாது. 1992இல் பேர்கெட் குழு மிச்சிகனில் நடத்திய சோதனையில், முரசுச் சிகிச்சையோடு கடியும் திருத்தப்பட்டவர்களுக்குப் பற்று ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் கூடுதலாக மீண்டது. சிறிது, ஆனால் பூச்சியம் அல்ல. எனவே வரிசை முக்கியம்: முதலில் காரையும் படலமும் நீங்க வேண்டும். அழற்சி தணிந்ததும் ஆட்டம் தானாகவே குறையும் பற்கள் உண்டு. அதன் பிறகும் ஆடுவதையும், கடிக்கும்போது நோவதையும் பார்த்தே கடியில் கைவைக்க வேண்டும். ஏனெனில் கடியைத் திருத்த அராவிய எனாமல் திரும்ப வளராது.