சேமித்த ஒளி யாருக்கு?

பொருளைச் சேர்த்து வைத்தல் அறமா, பிழையா என்பது பழைய வினா. எறும்பின் சேமிப்பைப் புகழும் நாமே, பஞ்சகாலத்தில் நெல்லைப் பதுக்கும் வணிகனை இகழ்கிறோம். இரண்டும் சேர்த்தலே, யாருக்காகச் சேர்க்கப்பட்டது என்பதிலேயே அறம் அடங்கியிருக்கிறது. நெல்லுக்குப் பொருந்தும் இந்நியாயம் இக்காலத்தில் மின்சாரத்துக்கும் பொருந்துமென்பது நமது துணிபு.

புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நமது சிறுவயதில் நாம் வாழ்ந்த தோட்டத்தின் இஞ்சின் மாலையில் ஓடி, இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பின்னர் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே கதி. கிராணி வீடாகிய நம் வீட்டில் மட்டும், இஞ்சின் ஓடும்போதே சார்ஜ் ஏற்றிய கார் பேட்டரி ஒன்று இருந்தது. பொது இஞ்சினின் மின்சாரம் நம் பாடப்புத்தகத்தின்மேல் ஒளியாய் நின்றது. நம்மொத்த லயத்துப் பிள்ளைகளின் புத்தகங்கள் மூடப்பட்டன. நாம் ஆங்கிலம் கற்று எழுதுகோல் பிடித்ததை அறிவின் வெற்றியென்றே நம்பியிருந்தோம். அதிற் பாதி பேட்டரியின் வெற்றியென்பதை முப்பது வயதைக் கடந்தபின்னரே உணர்கின்றோம்.

நிற்க. தமிழ்நாட்டில் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி, தெருவில் துணி தேய்ப்போர் நாள்தோறும் கரியெரித்துப் புகையில் உழலுவதைக் கண்டார். சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தைப் பேட்டரியில் தேக்கி, அதனால் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றும் வண்டியொன்றை வகுத்தார். ஐந்து மணி நேர நல்வெயில் ஆறு மணி நேர வேலைக்குப் போதுமென்பது அவரது கணக்கு. 2021-இல் அவ்வண்டி எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றை எட்டியது. அவ்வாண்டே கிளாஸ்கோ நகரில் கூடிய உலகப் பருவநிலை மாநாட்டிலும் அவர் உரையாற்றினார்.

சூரியத் தகடும் பேட்டரியும் அவருக்கு முன்னரே இருந்தவை. அவர் முதலில் கண்டது உழைக்கும் மனிதனின் துன்பத்தை. கருவியைப் பின்னரே நாடினார். நாம் போற்றுவது அவ்வரிசையையே.

“இது சிறுவர் பணியா? அரசும் முதலாளியுமன்றோ செய்யவேண்டும்?” எனச் சிலர் வினவலாம். வினா நியாயமே. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் வேண்டுமென 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டமே இந்நாட்டில் விதித்திருக்கிறது. மாணவரின் அறிவு, கடமை மறந்தவர்க்குச் சாக்காகிவிடலாகாது. ஆயினும் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், உலகில் அறுபத்தாறு கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லை. கம்பி செல்லாத இடத்திலும் வெயில் செல்கிறது. அவ்வெயில் துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒன்றே. அதனைப் பிடித்து வைக்கும் கலம் மட்டுமே விலைக்குரியது. ஆகவேதான் ஏழையின் பங்கு வெயில் அந்தியோடு மறைந்துபோகிறது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பள்ளி விஞ்ஞானக் கண்காட்சியில் நம் பிள்ளைகள் சிறு விளக்கொன்றை எரியச் செய்து காட்டும்போது கைதட்டுவதோடு நில்லாதீர்கள். “இது யார் வீட்டு இருளுக்காகச் செய்தது?” என்றும் கேளுங்கள். நம்மை அக்கேள்வி கேட்பார் அன்று ஒருவருமிலர். கேட்டிருப்பின், அந்தப் பேட்டரியின் வெளிச்சத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் அமர்ந்து படித்திருப்பார்கள்.