கேட்பது ஐயமாகுமா?

தராசில் குறை செய்தால் அது ஒரு நாள் கண்ணில் படும். படிக்கல்லைச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஒருவர் அறிந்ததும் மற்றவர் அறியாததுமே வாணிபத்தின் சரக்காகும்போது, அதை எந்தத் தராசில் நிறுப்பது? மருத்துவரின் முன் நோயாளியும், வழக்கறிஞரின் முன் கட்சிக்காரரும், பணிமனையின் முன் வாகன உரிமையாளரும் இந்த நிலையில்தான் நிற்கிறார்கள். அங்கே கேள்வி கேட்பது உரிமையா? அல்லது பிறர் நாணயத்தின்மீது ஐயம் கொள்ளும் பாவமா?

அண்மையில் இக்கேள்வி நம் வாசலுக்கே வந்தது. ஒரகடம் சாலையிலுள்ள ஒரு விற்பனையாளரின் பணிமனையில் நம் காரை வழக்கமான சர்வீசுக்கு விட்டிருந்தோம். நண்பகலில் தொலைபேசி வந்தது. முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளும் இரண்டு டிஸ்க்குகளும் தேய்ந்துவிட்டன, பிரேக் ஆயிலையும் மாற்றியாக வேண்டும் என்றார் அங்குள்ள ஆலோசகர். நாம் தயங்கியதும், "பிரேக் விஷயம் சார், அப்புறம் உங்க விருப்பம்" என்றார். பெயரளவில்தான் அது விருப்பம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாய் ஓடும் சாலை. மறுத்துவிட்டு ஏதேனும் நேர்ந்துவிட்டால்? அச்சத்தின்முன் கேள்வி வாயடைத்துப் போகிறது.

திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் மிகுதியான ஐயங்களைத் தவிர்க்குமாறு நம்மை எச்சரிக்கிறது. தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிப்பதும் அதே அத்தியாயமே. அந்த ஆலோசகரைத் தீயவர் என்று கருத நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. அப்படிக் கருதுவதே விலக்கப்பட்ட ஐயமாகிவிடும். ஆயினும், தெளிவு பெறாமல் முடிவு செய்யாதே என்னும் நெறி நல்லவர் சொல்லுக்கும் பொருந்தும். ஏனெனில் நல்லவரும் தவறக்கூடும். ஐயம் என்பது உள்ளத்தில் தீர்ப்பு எழுதிவிடுவது. விசாரணை என்பது தீர்ப்பை நிறுத்திவைப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நாம் கேட்கக் கூசுகிறோம்.

நேரில் சென்றோம். கழற்றிய சக்கரத்தைக் காட்டுமாறும் அளந்து சொல்லுமாறும் கேட்டோம். பிரேக் பேடின் உராயும் பகுதி புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் மாற்றுவது வழக்கம். டிஸ்க் எந்த அளவுக்குத் தேயலாம் என்பதைப் பெரும்பாலும் அதன்மீதே பொறித்திருப்பார்கள். இளம் மெக்கானிக் ஒருவர் அளந்தார். பேடில் 6 மில்லிமீட்டர் எஞ்சியிருந்தது. டிஸ்க்கும் பொறித்த அளவுக்குக் கீழே போகவில்லை.

ஆனால், வெற்றிப் பெருமிதத்துடன் நாம் திரும்பவில்லை. பிரேக் ஆயிலும் வீண் செலவே என்று எண்ணியிருந்தோம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை தாழலாம். கொதித்து ஆவியானால் மிதித்த பிரேக் பிடிக்காது. நம் வண்டியில் மூன்று ஆண்டுகளாக அதை மாற்றவில்லை. அந்த ஒன்றில் ஆலோசகர் சொன்னதே சரி. நம் ஐயமே பிழை. அளவுகோல் அவரை மட்டுமன்றி நம்மையும் திருத்தியது.

விடைபெறும்போது, தமக்கும் மாதந்தோறும் எட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டென்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். 1992-இல் அமெரிக்காவில் நடந்தது நம் நினைவுக்கு வந்தது. கலிபோர்னியா மாநில அரசு தன் ஊழியர்களை வாடிக்கையாளர்களைப் போல் அனுப்பிச் சோதித்தபின், சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்ப்பு நிலையங்கள் தேவையற்ற வேலைகளைச் செய்து பணம் வாங்குவதாகக் குற்றம் சாட்டியது. ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது முறை அவ்வாறு நடந்ததாக அரசு கூறியது. கமிஷனும் விற்பனை இலக்குமே தவறுகளுக்கு இடமளித்தன என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. பிழை செய்பவன் ஒருவன். பிழைக்குக் கூலி நிர்ணயிப்பவன் மற்றொருவன். இறைவனின் முன் இருவருக்கும் கணக்கு உண்டு.

இந்த வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் ரெனால்ட், நிஸான் நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. வாகனங்களைச் சோதிக்கும் மையமும் அங்கே உண்டு. மயிரிழையும் பிசகாமல் அளந்து செய்யப்படும் வண்டி, அதே சாலையில் பழுதுபார்க்க வரும்போது மட்டும் அளவின்றி வெறும் வாய்ச்சொல்லால் தீர்மானிக்கப்படுவது முறையா?

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் உரைத்தார்கள். தானியம் நனைந்தது வணிகரின் குற்றமன்று. நனைந்ததை மறைத்ததே குற்றம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தெரிவிக்க வேண்டிய செய்தியை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடாகவே கொள்கிறது.

ஆகவே தொழிலறிவு ஓர் அமானிதம். அறியாதவர் தம் உயிரையும் பொருளையும் அதனிடம் ஒப்படைக்கிறார். நம் சமுதாயத்தில் பட்டறை வைத்திருப்போரும் உதிரிபாகக் கடை நடத்துவோரும் பலர். கேட்பதற்கு முன்பே அவர்கள் காட்டட்டும். கழற்றிய பழைய பாகத்தை உரியவர் கையில் கொடுக்கட்டும். கேட்பவரும் கண்ணியத்தோடு கேட்க வேண்டும். தேவை என்று தெளிந்தபின் பேரம் பேசாமல் கூலியைக் கொடுக்க வேண்டும். கையை உள்ளே நுழைத்துப் பார்ப்பது வணிகரை இழிவுபடுத்துவதாகாது. உள்ளும் புறமும் ஒன்றாக வைத்திருப்பவருக்கு அந்தக் கை ஒரு சாட்சி.