தண்ணியாய் ஒரு சூப்

வன்னியில் ஒரு கறியைக் கரண்டியால் ஒருதரம் கிண்டிப் பார்த்தாலே சமைத்தவளுக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துவிடும். தடிப்பாயிருந்தால் நல்ல கை. ஓடினால், "வீட்டில தேங்காய் இல்லையோ?" என்ற கேள்வி வரும். கோழி ஈரல் என்றால் பிரட்டல்தான். வெங்காயமும் கருவேப்பிலையும் வறுத்த தூளும் போட்டு, தண்ணீர் வற்றிச் சட்டியில் ஒட்டும் மட்டும் அது அடுப்பில் கிடக்கும். மல்லாவியில் இருந்துகொண்டு அதே ஈரலைத் தெளிந்த தண்ணீரில் போட்டுச் சீனச் சூப் வைப்பதென்றால் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எங்களுக்குச் சைனீஸ் என்றால் பிறைட் ரைஸும் மிளகாய்ப் பேஸ்ற்றும்தானே.

அம்மாவுக்கு இரத்தம் குறைவு. கிளினிக்கில் இரும்புக் குளிசை தந்து, ஈரலும் இலைவகையும் சாப்பிடச் சொன்னார்கள். பிரட்டலின் உறைப்பு அவவின் வயிற்றுக்கு ஒத்துவராது. ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி தன் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கேட்டு ஒரு சூப்பைச் சொன்னாள். "அக்கா, ஈரலைக் கடைசியாப் போடு. வெந்த உடனே நிப்பாட்டு. அவ்வளவுதான்." அந்த "அவ்வளவுதான்" எனக்கு நம்பிக்கை தரவில்லை.

ஆனால் சமையல் அவ்வளவுதான். ஈரலைக் கழுவி, வெள்ளை நரம்பையும், பித்தம் பட்டுப் பச்சையான இடம் இருந்தால் அதையும் வெட்டி எறிய வேண்டும். மிச்சத்தை மெல்லிய துண்டாக வெட்டி, சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, கோன்ஃபிளவர் ஒரு தேக்கரண்டி, மிளகுதூள், நாராக நறுக்கிய இஞ்சி போட்டுப் பிசறி வைக்கிறேன். அடுப்பில் தண்ணீர், இரண்டு வட்டம் இஞ்சி, உப்பு, நாலு சொட்டு நல்லெண்ணெய். கொதித்ததும் வேலியில் படர்ந்திருக்கிற பசளியை ஆய்ந்து போடுகிறேன். திரும்பக் கொதி வரும்போது ஈரல். துண்டுகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்கு மாறி மேலே எழும்பும். ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்து, நடுவில் சிவப்பு இல்லையென்றால் அடுப்பை நிற்பாட்டிவிடலாம். கோழி ஈரலில் வயிற்றைக் கலக்கும் கிருமி இருக்கக்கூடும், அதனால் சிவப்போடு இறக்கக் கூடாது. சிவப்புப் போன பிறகும் கொதிக்கவிட்டால் ஈரலின் புரதம் இறுகி, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே தள்ளிவிடும். அதன் பிறகு வாயில் மணல்தான்.

குவாங்டொங் மாகாணத்துச் சீனர்களிடம் இரண்டு வகைச் சூப் உண்டு. ஒன்று எலும்பையும் வேர்களையும் மணிக்கணக்கில் சிறு தீயில் விட்டுக் காய்ச்சுவது. மற்றது வேலைநாளுக்கானது, கொதித்த தண்ணீரில் கீரையும் மெல்லிய இறைச்சியும் போட்டு உடனே இறக்குவது. பன்றி ஈரலையும் கோஜிச் செடியின் இலையையும் சேர்ப்பது அதில் பெயர்போனது, கண்ணுக்கு நல்லதென்பார்கள். எங்கள் வேலிப் பசளியும் அவர்களுடைய சூப்பில் விழுகிற கீரைதான். விரைவாக வைத்தது என்பதற்காக இரண்டாவது சூப்பை அங்கே யாரும் கைகழுவின சமையலாகப் பார்ப்பதில்லை.

அம்மா கோப்பையைப் பார்த்தா. "என்ன பிள்ளை, அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு?"

இதை நாக்குருசிப் பேச்சாக நான் எடுக்கவில்லை. 2008இல் போர் நெருங்க மல்லாவியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று இடம் மாற மாறச் சாப்பாடு தண்ணியாகிக்கொண்டே போனது. முதலில் தேங்காய் போனது, பிறகு தூள், பிறகு மரக்கறி. கடைசியில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும். அந்தக் கஞ்சியை இப்போது ஒவ்வொரு மே மாதமும் 18ஆம் திகதியை ஒட்டி, அந்த நாட்களின் நினைவாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். மீளக் குடியேறி வந்த வீட்டில் அம்மா முதலில் தேடியது அம்மியும் தேங்காயும்தான். தடித்த குழம்பு வைப்பது அவவுக்கு, நாங்கள் இனி அங்கே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற விதம். அப்படிப்பட்ட மனுசியின் முன்னால் ஒரு கோப்பை தெளிந்த தண்ணீரை வைத்து, "உங்கள் உடம்புக்கு நல்லது, குடியுங்கோ" என்றால் அது எப்படிக் கேட்கும்?

அதற்காக அவவின் கணக்கை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. குழம்பு தடிக்கத் தடிக்க அதற்குள் யாரோ ஒரு பெண்ணின் நேரமும் தடிக்கிறது. விடியப்புறம் இருட்டோடு பஸ் ஏறி, கிளிநொச்சி அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்ப் பொழுதுபட்டுத் திரும்புகிற பிள்ளைகள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லாமல் குடும்பத்தைச் சுமப்பவர்கள் போரின் பின் எங்கள் பக்கம் கொஞ்சமல்ல. அவர்களிடம் போய், அம்மியில் அரைக்காத கறியில் அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுமை என்னவென்றால், யாரும் சொல்லத் தேவையில்லை, அவர்களே அப்படி நினைக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பாணும் சம்பலும் வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒழுங்காகச் சமைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் இறக்கிய ஈரல் சூப்பும் ஒழுங்கான சமையல்தான் என்று அவர்களோடு சண்டை பிடிக்கலாம் போலிருக்கும்.

உடம்பின் கணக்கு எங்களுடைய தடிப்பு மெலிவைப் பார்ப்பதில்லை. ஈரலில் இருக்கும் இரும்பு இலையில் இருப்பதைவிடச் சுலபமாக இரத்தத்தில் சேரும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இலையின் இரும்பும் கூடுதலாகச் சேரும், தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதுதான் அதைக் கெடுக்கும். அந்தத் தேத்தண்ணியைத் தள்ளிப்போட வைப்பது சூப் குடிக்க வைப்பதைவிடப் பெரிய பாடு. 1926இல் அமெரிக்காவில் மைனட், மர்ஃபி என்ற இரு வைத்தியர்கள், அக்காலத்தில் ஆளைக் கொல்லுகிற ஒருவகை இரத்தச்சோகைக்காரருக்குத் தினமும் ஈரல் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934இல் விப்பிள் என்ற இன்னொருவரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சோகை அம்மாவுடையதுபோல் இரும்புக் குறைவல்ல, பி12 சம்பந்தப்பட்டது என்பது பின்னர்தான் தெரியவந்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈரலை அள்ளிக் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கும் விற்றமின் ஏ மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது.

அம்மாவும் நானும் இப்போது ஓர் உடன்பாட்டில் இருக்கிறோம். சூப்பை அவ "மருந்து" என்று குடிக்கிறா, அதன் பிறகு "சாப்பாடு" என்று சோறும் வவுனிக்குளத்து மீன்குழம்பும் கேட்கிறா. குழம்பு தடிப்பாகத்தான் இருக்க வேண்டும், அதை நான் நேரம் கிடைக்கிற நாளில் வைக்கிறேன். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் சூப்பை ருசி பார்த்துவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் என்ன?" என்றா. விடலாம் மாமி, ஆனால் தேங்காயை நீங்கள்தான் திருவித் தரவேண்டும் என்றேன்.