அம்பை எடுத்த பிறகு

துன்பத்தை உடனே தணிப்பதா, அதன் காரணத்தைத் தேடுவதா, எது முதல் கடமை? சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, ஐ.டி. சேவை மேலாண்மையில் பிராப்ளம் மேனேஜராக இருக்கும் என்னிடம் புகார் டிக்கெட் எண்ணோடு வருகிறது.

பிரிட்டன் அரசின் கணினி முகமை 1980களில் தொகுக்கத் தொடங்கிய ‘ஐடில்’ நடைமுறைதான் எங்கள் துறைக்கு அடிப்படை. அதன் நான்காம் வடிவம் 2019இல் வந்தது. சேவை தடைபட்டால் அது இன்சிடென்ட். கூடிய விரைவில் சேவையை மீட்க வேண்டும். தடைக்குக் காரணமாக இருப்பது பிராப்ளம். அதற்குத் தனிப் பதிவும் தனி ஆய்வும் உண்டு.

நான் கவனித்துவந்த ஓர் அமைப்பில், மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் கணினி ஜாப், மெமரி நிரம்பி அடிக்கடி பாதியில் நின்றுவிடும். இரவுப் பணியில் இருப்பவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார், பட்டியல் போய்விடும். அவர் செய்தது சரி. மாத்திரை வாங்கக் காத்திருக்கும் முதியவருக்கு அந்த நேரத்தில் மெமரி நிரம்பிய கதை எதற்கு? பணம் வந்தால் போதும்.

இப்படி உடனே தணிப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் கதை ஒன்று பௌத்த சூத்திரத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு, உலகம் நிலையானதா, அழியக்கூடியதா என்றெல்லாம் புத்தரிடம் விடை கேட்டு நிற்கிறார். நச்சு அம்பு தைத்தவன், எய்தவனின் குலமும் ஊரும் உயரமும் தெரியாமல் அம்பை எடுக்கவிட மாட்டேன் என்றால் செத்துப்போவான் என்கிறார் புத்தர். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே சூத்திரத்தின் முடிவில், தாம் விளக்கியவை எவை என்று புத்தர் சொல்கிறார்: துக்கம், துக்கத்தின் தோற்றம், அதன் ஒழிவு, ஒழிவுக்கான வழி. துன்பத்தை ஒழிக்க உதவாத கேள்விகளைத்தான் அவர் ஒதுக்கினார். காரணத்தைத் தேடும் கேள்வி அவருடைய போதனையின் நடுவிலேயே இருக்கிறது.

ஆகவே இரண்டில் எது என்ற கேள்விக்கு விடை எளிது: முதலில் அம்பு, பிறகு காரணம். கடினமான இடம் அதற்கும் அப்பால் இருக்கிறது. காரணம் ஆராய்ந்து கண்டறியப்பட்டு, இன்னும் சரிசெய்யப்படாத நிலையை எங்கள் துறையில் ‘நோன் எர்ரர்’ என்பார்கள். அதைப் பதிந்துவைப்பது நேர்மையான செயல். அடுத்து வருபவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. ஆனால் ரீஸ்டார்ட் போன்ற தற்காலிக மாற்றுவழி, அதாவது ஒர்க்அரவுண்ட், கைவசம் இருக்கும்போது, திருத்தத்துக்கான செலவு தள்ளிப்போகிறது. ஒவ்வொரு டிக்கெட்டும் குறித்த நேரத்துக்குள் மூடப்படுகிறது, அறிக்கை பச்சை நிறத்தில் இருக்கிறது, அதே முதியவர் மறுபடியும் காத்திருக்கிறார்.

அறியாமல் விட்ட துன்பத்துக்கு மன்னிப்பு உண்டு. காரணம் அறிந்த பின்னும் தொடரும் துன்பத்துக்கு, அறிந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் திருத்துபவரின் பெயரும் தேதியும் இல்லாத எந்த நோன் எர்ரர் பதிவிலும் நான் கையொப்பமிடுவதில்லை.