சீனத்துப் பிள்ளையாரும் வில்லியனூர்க் களிமண்ணும்

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. பத்து நாள் கழித்து, தமிழக பா.ஜ.க.வினரிடம் காணொலி வழியே பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நம்மூர்க் குயவர் களிமண்ணில் செய்துதரும் பிள்ளையாரைக்கூட எதற்காகச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்கிறோம் என்று கேட்டார். அடுத்த நான்காம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. எல்லைச் சண்டைக்கும் வணிகக் கொள்கைக்கும் நடுவில் பிள்ளையாரும் வந்து அமர்ந்தார்.

அமைச்சர் கேட்டது பொருளாதாரக் கேள்வி. அதன் அடியில் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. கடவுள் நம்பிக்கை கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு விதித்திருக்கும் கட்சி ஆளும் நாட்டில், இது யார் வீட்டுக்குப் போகிறது என்று அறியாத ஒரு தொழிலாளி அச்சில் வார்த்த பிள்ளையார் பூசைக்கு ஆவாரா? ஆவார் என்றால், காலங்காலமாக நமக்குப் பிள்ளையார் செய்துதந்த குயவரிடம் நாம் பட்ட கடன் என்ன ஆயிற்று? ஆகமாட்டார் என்றால், எந்த சாஸ்திரம் அப்படிச் சொல்கிறது?

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் இது திண்ணை வாதம் இல்லை, பிழைப்பு. வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு, கல்வான் மோதலுக்குச் சில மாதங்கள் முன்புதான் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சங்கராபரணி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலில் நெல்லும் விளைகிறது, சூளையும் எரிகிறது. ஆவணிச் சதுர்த்தி நெருங்கும்போது ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்த பிள்ளையார்கள் கடைத்தெருவில் வரிசையாக உட்காருவார்கள். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி, கழுத்துக்கு எருக்கம்பூ மாலை, தலைக்கு மேல் காகிதக் குடை. சற்றுத் தள்ளி, பரிசுப்பொருள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், வண்ணம் பூசிய ரெசின் பிள்ளையார் பெட்டிக்குள் இருப்பார்.

முதலில் வழிபாட்டு முறையையே பார்க்கலாம். எந்தப் பூசையானாலும் முதலில் மஞ்சளைக் குழைத்துப் பிடித்து, அருகம்புல் செருகினால் பிள்ளையார். மார்கழி வாசலில் சாணத்தைப் பிடித்துப் பூசணிப்பூ வைத்தாலும் பிள்ளையார்தான். இதற்குச் சிற்பி வேண்டாம், சாதி வேண்டாம், காசும் வேண்டாம். சதுர்த்தி அன்று களிமண் உருவத்தின் முன் நின்று, இதில் எழுந்தருள வேண்டும் என்று அழைக்கிறார்கள், அது ஆவாகனம். பூசை முடிந்ததும் உருவத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்தி, உம் இருப்பிடத்துக்குத் திரும்பும் என்று விடை கொடுக்கிறார்கள். அழைப்புக்கு முன்னும் மண், விடைக்குப் பின்னும் மண். தெய்வம் அந்த இடைவெளியில் தங்கிப் போகிற விருந்தாளி. இந்த முறையை நேர்மையாகப் படிக்கிறவருக்கு, மண் எந்த நாட்டு மண் என்று கேட்க அதில் இடமே கிடைக்காது.

கோயில் மூர்த்தங்களுக்கு விதிகள் கடுமை. கல்லின் தரம், உருவத்தின் அளவு, ஸ்தபதியின் ஒழுக்கம், கண் திறக்கும் சடங்கு என ஆகமங்களும் சிற்ப நூல்களும் நிறையச் சொல்கின்றன. அவை கேட்பதெல்லாம் தகுதி. செய்தவரின் நாடு எது என்று கேட்பதில்லை. புதுச்சேரியின் பாகூரில் உள்ள மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. பாகூரோ மலையே கண்ணில் படாத நெல் வயல் பூமி. கல் வெளியூரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்களை மானியமாகப் பெற்று ஒரு வித்யாஸ்தானம் இயங்கிய ஊர் அது; கற்றவர்களுக்குக் குறைவில்லை. கல் எந்த அரசனின் எல்லையைத் தாண்டி வந்தது என்பதை யாரும் தீட்டாகக் கருதியதாகத் தெரியவில்லை.

2025 மே 27 அன்று காந்திநகரில் பிரதமர் மோடியும் பிள்ளையாரைப் பற்றிப் பேசினார். சின்னக் கண்ணோடு, கண்ணே சரியாகத் திறக்காத பிள்ளையார்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றார். உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள் என்ற அவர் வேண்டுகோளில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஓர் இனத்தின் முகச்சாயலைத் துணைக்கு இழுத்தது வருத்தத்துக்குரியது. நம் களிமண் பிள்ளையாரின் கண்ணும் குன்றிமணி அளவுதான். அதைவிட முக்கியமாக, சீன மண்ணில் சீன முகத்தோடு பிள்ளையார் இருப்பது புதிதும் இல்லை. துன்ஹுவாங் குகைகளில் 285-ஆம் எண் குகையில் யானைமுகத்தோன் ஓவியமாக இருக்கிறார். அந்தக் குகையில் உள்ள ஆண்டுக் குறிப்புகள் 538, 539. நரசிம்மவர்மன் வாதாபியை வென்றபோது பிள்ளையார் தமிழகம் வந்தார் என்று வழங்கும் கதையின் காலத்துக்கு நூறு ஆண்டு முந்தியவர் அந்தச் சீனத்துப் பிள்ளையார்.

இன்னொரு சான்று நேராக நம்மைப் பற்றியது. ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டி அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. அந்த ஊரில் கிடைத்த சிவன், திருமால், நரசிம்மர் சிற்பங்களைச் செதுக்கியவர்கள் உள்ளூர்ச் சீனக் கல்தச்சர்களே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது சீனாவில் செய்த இந்து தெய்வத்தை முதலில் கேட்டு வாங்கியவர்களில் தமிழ் வணிகர்களும் உண்டு. பக்கத்தில் உள்ள சேதியன் கிராமத்தில், நம் கோயில் சாயல் கொண்ட ஓர் அம்மன் சிற்பத்தை இன்றைக்கும் குவான்யின் என்று ஊர்மக்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

அரசுகள் தெய்வத்தைக் கையில் எடுப்பதும் பழைய வழக்கம்தான். மிங் பேரரசின் கப்பற்படைத் தளபதி செங் ஹ 1409 தேதியிட்ட ஒரு கல்லை இலங்கையின் காலியில் நிறுத்தினார். சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் பொன், வெள்ளி, பட்டுக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. மூன்று சமயத்துக்கும் இத்தனை மரியாதை செய்த அதே படை, ஓரிரு ஆண்டில் இலங்கையின் கோட்டே அரசை ஆண்ட அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. நம் ஊர்களும் வல்லரசுப் போட்டிக்குத் தப்பியவை இல்லை. வில்லியனூரையும் பாகூரையும் 1749-ல் நவாப் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். 1752-ல் பாகூர் வயல்வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். சண்டைக்கு மூலகாரணம் வணிகம். அதன் பிறகு வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர்கள் பிடித்தார்கள். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். பிடித்தவரின் மதம் தேரின் புனிதத்தைக் குறைத்ததாக எந்த ஊர்க்காரரும் சொன்னதில்லை.

இன்றைய சீனாவுக்கு வருவோம். 1966-ல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் கோயில்களை உடைத்த நாடு, 1978-க்குப் பிறகு சந்தைக்குக் கதவு திறந்தது. 1982-ல் யீவூ என்ற ஏழை வட்டத்தில், பனங்கட்டி போன்ற வெல்லத்தைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய்க் கோழி இறகுக்கு மாற்றிவந்த விவசாயிகளுக்கு, உள்ளூர்க் கட்சிச் செயலாளர் சந்தை போட அனுமதி கொடுத்தார். இன்று உலகத்தின் சிறுபொருள் வணிகத்துக்கு அதுதான் தலைநகரம். சுவான்சோவைச் சேர்ந்த தெஹுவா, பல நூற்றாண்டாக வெள்ளைக் களிமண்ணில் குவான்யின் உருவங்களைச் சுட்டு அனுப்பிய குயவர் ஊர். அதன் சூளைகள் 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன; அந்த ஊர்ப் பீங்கான் இப்போதும் கப்பலேறிக்கொண்டே இருக்கிறது.

அங்கே குயவருக்குப் பின்னால் சாலையும் துறைமுகமும் மலிவான வங்கிக் கடனும் ஏற்றுமதிக்கு வரியைத் திருப்பித் தரும் சலுகையும் வந்து நின்றன. இங்கே குறியீடும் விருதும் வந்தன. வேறுபாட்டின் பெரும்பகுதி இதுதான். இன்னொரு காரணம் சீனாவின் பொருளாதார அமைப்பு. நாட்டு உற்பத்தியில் குடும்பங்களின் நுகர்வு அங்கே ஏறத்தாழ 40 சதவீதம், இந்தியாவில் 60. உள்ளே விற்காதது வெளியே போயாக வேண்டும். 2024-ல் சீனாவின் சரக்கு வணிக உபரி சுமார் 99,000 கோடி டாலர். 2025-ல் அமெரிக்கா வரியைக் கூட்டியபோது, அந்தச் சரக்கு வேறு சந்தைகளைத் தேடியது. செயலிகளைத் தடை செய்த 2020-21-ல் சீனாவுடன் இந்தியாவின் வணிகப் பற்றாக்குறை 4,400 கோடி டாலர். 2024-25-ல் 9,900 கோடி. இதில் பெரும்பங்கு மின்னணு உறுப்புகளும் இயந்திரங்களும் வேதிப்பொருள்களும். பிள்ளையார் இந்தக் கணக்கில் ஒரு தூசிகூட இல்லை. பற்றாக்குறையைப் பிள்ளையாரை வைத்துப் பேசினால் மக்கள் மனத்தில் தைக்கும், கணக்கு அசையாது.

அந்த ரெசின் உருவத்துக்கு வண்ணம் தீட்டிய கையும் பெரும்பாலும் ஒரு கிராமத்துக் கைதான். வயலைவிட்டு வேறு வேலைக்குப் போன கிராமத்தார் சீனாவில் கிட்டத்தட்ட 30 கோடி பேர். ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறையால், உழைக்கும் நகரத்திலேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது அவர்களில் பலருக்கு இன்னும் பெரும்பாடு. வில்லியனூர்க் குயவருக்கு எதிரி என்று அவர்களைக் காட்டுவது அநியாயம்.

அப்படியானால் எதைத்தான் இழக்கிறோம்? தென் மாவட்டங்களின் புரவியெடுப்பு இதற்குப் பதில் சொல்கிறது. அய்யனாருக்கு மண்குதிரை செய்ய ஊர்ப் பெரியவர்கள் தங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுக்கிறார்கள்; அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்தப் பிடி கைமாறும்போதே விழா தொடங்கிவிடுகிறது. மிதித்துக் குழைப்பது, வனைவது, சூளையில் சுடுவது, ஊரே தோளில் சுமப்பது எல்லாம் வழிபாடு. பல ஊர்களில் வேளாரே அய்யனாருக்குப் பூசாரி. செய்தவர் கையாலேயே முதல் தீபாராதனை.

பெட்டியில் வாங்கிய பிள்ளையாருக்கு இந்த முன்பாதி கிடையாது. வழிபாடு ஆவாகனத்தில் தொடங்கி விடையில் முடிகிறது. மண்ணும் கூலியும் நெருப்பும் வெளியே நின்றுவிடுகின்றன. கூப்பிட்டால் பிள்ளையார் வருவார், அதில் ஐயம் வேண்டாம். குறைவது வழிபடுகிறவர் பக்கத்தில். செய்தவரை அறியாமல், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்காமல் தெய்வத்தை வீட்டுக்குக் கொண்டுவரப் பழகுகிறோம். சுவான்சோத் தமிழர்கள் சீனத் தச்சரிடம்தான் வேலை கொடுத்தார்கள். அவர்கள் அந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள், உளிச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். அந்த உறவு இருந்ததால் கல் எந்த நாட்டது என்பது பொருட்டாகவில்லை. உறவு இல்லாவிட்டால், பம்பாயில் வார்த்த பிளாஸ்டர் பிள்ளையாருக்கும் யீவூவிலிருந்து வந்த ரெசின் பிள்ளையாருக்கும் இந்த வகையில் வேற்றுமை இல்லை.

அரசு செய்யக்கூடியது உண்டு. கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளர்கள் சீன லைட்டர்களுக்கு எதிராகப் பலகாலம் குரல் கொடுத்த பின், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடுத்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு எதிராக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையும் குயவருக்குச் சாதகம்தான். ஆனால் களிமண் வேண்டுமே, அதை ஏரிகளில்தான் எடுக்க வேண்டும். ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல முடிவு, கூழைக்கடாக்களுக்கும் அந்த நீரில் உரிமை உண்டு. அதனால் எந்த ஏரியில், எந்த மாதத்தில், எவ்வளவு மண் எடுக்கலாம் என்பதைக் குயவர்களையும் உட்காரவைத்துப் பேசித் தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் பொதுப்பணித் துறைக்கும் சேருகிறது. பாகூர் ஏரியைத் தூர் வாரும்போது வரும் மண்ணில் சூளைக்கு ஏற்றதைப் பிரித்துக் கொடுப்பதில் பறவைக்கும் நட்டமில்லை, வயலுக்கும் நட்டமில்லை.

கோயில்களும் வாங்குகிறவர்கள்தான். திருக்காமீசுவரர், மூலநாதர், திருக்காஞ்சி கங்கைவராக நதீசுவரர் என்று இந்த வட்டாரத்தில் பெரிய கோயில்களுக்குக் குறைவில்லை. கார்த்திகைக்கு வேண்டிய அகலையும், கும்பத்துக்கு வேண்டிய கலயத்தையும், சதுர்த்திக்கு வேண்டிய பிள்ளையாரையும் சித்திரையிலேயே வில்லியனூர்ச் சூளைகளில் சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்தால், மழைக்காலத்துக்கு முன் விறகு வாங்கக் குயவர் வட்டிக்குக் கடன் தேடிப் போக வேண்டியிருக்காது.